கரண்ட் வந்தால் தானாக எழுந்திருக்க வேண்டும்

சேவூர் பக்கம் எங்கள் தோட்டத்துச் சாளையில் ஒரு பழைய டெல் ஆப்டிபிளெக்ஸ் கம்ப்யூட்டர் பெட்டி, வீட்டு சர்வராக, 2021-லிருந்து நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. நிற்காமல் என்பது கொஞ்சம் அதிகம்தான், கரண்ட் நின்றால் அதுவும் நிற்கும், இந்தப் பதிவே அதைப் பற்றித்தான். கோயமுத்தூரில் செகண்ட் ஹேண்டில் வாங்கியது, ஆறாம் தலைமுறை ஐ5, முதலில் 8 ஜிபி ராம், பிறகு 16 ஆக்கினேன்.

அதன் தலையில் கட்டியிருக்கும் வேலைகள் கொஞ்சமல்ல. சாளையை ஒட்டிய ஷெட்டில் திருப்பூர் கம்பெனிகளுக்கு எம்பிராய்டரி ஜாப் ஒர்க் செய்கிறோம், அதன் டிஎஸ்டி டிசைன் ஃபைல்கள் மொத்தமும் இதில்தான். டாலி பேக்கப், குடும்ப போட்டோக்கள், கட்டுத்தரையிலும் மோட்டார் ரூமிலும் இருக்கிற கேமராக்களின் பதிவு, அப்புறம் அப்பத்தா மத்தியானம் டிவியில் பார்க்கிற பழைய படங்கள், அதை டிவிக்கு அனுப்ப ஜெல்லிஃபின் என்ற சாஃப்ட்வேர். எல்லாம் சேர்ந்து சும்மா இருக்கும்போது 22 வாட் இழுக்கிறது, அதாவது இரண்டு மாத பில்லில் 32 யூனிட் சொச்சம்.

இதற்கு எந்த ஓஎஸ் சரி என்று விண்டோஸ் 10, உபுண்டு சர்வர், ஃபைல் சேமிப்புக்கென்றே இருக்கும் ட்ரூநாஸ், ஓபன்மீடியாவால்ட் என்று சுற்றிவிட்டு 2023 கடைசியில் வெறும் டெபியன் லினக்ஸில் வந்து நின்றேன். விண்டோஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நான்தான் எதையும் ஒழுங்காக அமைக்கவில்லை, ராத்திரியில் அப்டேட் ஆகி லாகின் திரையில் நின்றுவிடும், யாராவது லாகின் பண்ணினால்தான் கேமரா பதிவு ஓடும். எப்படியும் 2025 அக்டோபர் 14-உடன் அதன் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது, இந்தப் பெட்டி விண்டோஸ் 11-க்கான பட்டியலிலும் இல்லை. உபுண்டுவில் இன்ஸ்டால் பண்ணும்போதே டாக்கர் (புரோகிராம்களைக் கண்டெய்னர் என்ற தனித்தனி அறைகளில் அடைத்து ஓட்டுவது) வேண்டுமா என்று கேட்டதும் டிக் போட்டுவிட்டேன். அது ஸ்னாப் என்ற உபுண்டுவின் அடைத்த பொட்டலமாக வரும் டாக்கர், ஹோம் ஃபோல்டருக்கு வெளியே இருக்கும் டிஸ்க்கை அதுபாட்டுக்கு எட்டிப்பார்க்காது என்று புரிய எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது.

ட்ரூநாஸ் வைத்திருந்த காலம் எனக்குப் பிடித்த காலம். அதிலிருக்கும் இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் உண்மையிலேயே நல்ல சரக்கு, பழைய தரவின் மேல் எழுதாமல் புதிய இடத்தில் எழுதிவிட்டுத்தான் மாறும் என்பதால் ஆடிக் காத்தில் நாளைக்கு நாலு தடவை கரண்ட் போனாலும் ஃபைல் சிஸ்டம் அசையாது. ஃபைல்களின் பழைய நிலையை அப்படியே பிடித்து வைக்கும் ஸ்னாப்ஷாட் இருந்ததால் ஷெட்டில் ஒரு பையன் தெரியாமல் அழித்த டிசைன் ஃபோல்டரை ரெண்டு நிமிஷத்தில் மீட்டேன். ஆனால் என்னிடம் இருந்தது 4 டிபி ஒன்று, 2 டிபி ஒன்று, 1 டிபி ஒன்று. ஒரே தரவை ரெண்டு டிஸ்க்கிலும் எழுதும் மிரர் போட்டால் சின்ன டிஸ்க்கின் அளவுதான் கிடைக்கும், ஒரு டிஸ்க் செத்தாலும் தரவு தப்பும்படி பல டிஸ்க்கைக் கோர்க்கும் ரெய்டு-இசட்டில் பிற்பாடு ஒரே ஒரு டிஸ்க்கைச் சேர்க்கும் வசதி 2025 ஜனவரியில் வந்த ஓபன்இசட்எஃப்எஸ் 2.3-இல்தான் வந்தது. போதாததற்கு, பூட் டிஸ்க் ஒன்றை முழுசாக அதற்கே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஒரே அளவில் நாலு டிஸ்க் வாங்க முடிகிறவர்கள் யோசிக்காமல் ட்ரூநாஸ் போடுங்கள், எனக்கு அது கட்டுப்படியாகவில்லை.

ஓபன்மீடியாவால்ட் அடியில் டெபியன்தான், மேலே ஒரு வெப் பக்கம். ஒரு வருஷம் நன்றாகவே ஓடியது. சிக்கல் வந்தது ஷெட்டில் இருக்கும் விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டரால். எம்பிராய்டரி சாஃப்ட்வேரின் லைசன்ஸ் குச்சியான டாங்கிள் அதில்தான் வேலை செய்யும், மாற்ற முடியாது. நெட்வொர்க்கில் ஃபோல்டரைப் பகிர எக்ஸ்பிக்குத் தெரிந்தது எஸ்எம்பி1 என்ற பழைய முறை மட்டும், லினக்ஸில் அந்தப் பகிர்வைச் செய்யும் சாம்பாவோ 4.11 பதிப்பிலிருந்து, அதாவது 2019-லிருந்து, பாதுகாப்பு கருதி அதை அணைத்தே தருகிறது. குறைந்தபட்ச புரோட்டோகால் என்ற வரியில் அந்தப் பழைய முறையைக் குறிக்கும் என்டி1 என்று எழுதினால் எக்ஸ்பிக்கு ஃபோல்டர் தெரியும், ஆனால் அது சர்வர் முழுக்கச் செல்லும், குடும்ப போட்டோவும் டாலியும் அதே பழைய கதவுக்குப் பின்னால் வந்துவிடும். கான்ஃபிக் ஃபைலைக் கையால் திருத்தி வைத்தால், அடுத்த தடவை வெப் பக்கத்தில் எதையாவது சேமிக்கும்போது அது என் திருத்தத்தை அழித்து மேலே எழுதிவிடும். அதன் வேலை அப்படி, குறை சொல்லவில்லை. டெபியனுக்கு வந்தபின் எக்ஸ்பிக்கென்று ஒரு கண்டெய்னரில் தனி சாம்பா, தனி ஐபி, டிஎஸ்டி ஃபோல்டர் மட்டும், அதுவும் படிக்க மட்டும். எக்ஸ்பிக்கு இன்டர்நெட் கிடையாது. ரெண்டு வருஷமாக ஒரு தொந்தரவும் இல்லை.

டிஸ்க் மூன்றும் இப்போது தனித்தனி எக்ஸ்ட்4 (லினக்ஸின் வழக்கமான ஃபைல் சிஸ்டம்), மேலே மெர்ஜர்எஃப்எஸ் போட்டு ஒரே ஃபோல்டராகத் தெரிகிறது. ஸ்னாப்ஷாட் போய்விட்டது, அது எனக்கு வருத்தம்தான். ஆனால் பெட்டி எரிந்தே போனாலும் ஒரு டிஸ்க்கைக் கழற்றி எந்த லினக்ஸ் மெஷினில் செருகினாலும் அதிலிருக்கிற ஃபைல் அப்படியே திறக்கும்.

டெபியனும் கழுத்தறுத்தது ஒரு தடவை. நான் சென்னையில் இருந்தேன், மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு நிறுத்தியவர்கள் சாயங்காலம்தான் கரண்ட் விட்டார்கள். கேமரா வரவில்லை. அப்பாவுக்கு போன் போட்டு, டிவியின் வயரைப் பிடுங்கிப் பெட்டியில் மாட்டச் சொன்னேன்.

"கண்ணு, கருப்பா நிக்குது. இங்கிலீசுல நாலு வரி இருக்குது, கடைசில என்னமோ பாஸ்வேர்டு கேக்குதாட்ட இருக்குது."

"பேக்கப் டிஸ்க் பக்கத்துல இருக்குதுங்களாப்பா, சின்னக் கருப்பு டப்பா?"

"அதையத்தான் நேத்து உன் பொண்டாட்டி போட்டோ ஏத்தோணும்னு கழட்டி எடுத்துட்டுப் போனாளே."

அவ்வளவுதான் விஷயம். பூட் ஆகும்போது மாட்ட வேண்டிய டிஸ்க்குகளின் பட்டியலான எஃப்எஸ்டேப் ஃபைலில் எழுதியிருக்கிற ஒரு டிஸ்க் கண்ணில் படவில்லை என்றால், லினக்ஸை எழுப்பிவிடும் சிஸ்டம்டி ஒன்றரை நிமிஷம் காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் போய் உட்கார்ந்துவிடும். அந்த வரியில் நோஃபெயில் என்று ஒரே ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் டிஸ்க் இல்லாவிட்டாலும் எழுந்திருக்கும். டப்பாவைத் திரும்பச் செருகி ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னேன், வந்துவிட்டது. ஊருக்கு வந்ததும் ரூட் டிஸ்க் தவிர எல்லா வரியிலும் அதைச் சேர்த்தேன். அதே சூட்டில் பயாஸில் கரண்ட் வந்ததும் ஆன் ஆகும் அமைப்பைச் சரிபார்த்து, மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரியையும் மாற்றினேன். அது செத்துப்போனால் எஃப்1 அழுத்து என்று திரையே இல்லாத பெட்டி யாருக்காகவோ காத்துக்கொண்டிருக்கும், அதற்கு எந்த ஓஎஸ்ஸும் மருந்தில்லை.

பிராக்ஸ்மாக்ஸ் ஏன் போடவில்லை என்று மச்சான் கேட்டுக்கொண்டே இருக்கிறான். விண்டோஸ் ஒன்று, லினக்ஸ் ரெண்டு என்று தனித்தனி விர்ச்சுவல் மெஷின் (கம்ப்யூட்டருக்குள் கம்ப்யூட்டர்) வேண்டுமென்றால் அதுதான் சரி, அதுவும் டெபியன் மேல்தான் நிற்கிறது. எனக்கு ஆறேழு கண்டெய்னர், அவ்வளவே. அன்ரெய்டு என்ற இன்னொரு ஓஎஸ்ஸில் வேறு வேறு அளவு டிஸ்க்குகள் அழகாகச் சேரும், ஆனால் காசு கட்ட வேண்டும், லைசன்ஸும் ஒரு யுஎஸ்பி குச்சியோடு கட்டப்பட்டிருந்தது, எலி கடிக்கிற சாளையில் அந்த ரிஸ்க் வேண்டாம் என்று விட்டேன்.

டெபியன் 13 வந்தது 2025 ஆகஸ்ட் 9, நான் தீபாவளி லீவில்தான் ஏற்றினேன். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. மறுநாள் கட்டுத்தரை கேமராவின் டைம்லாப்ஸ் வரவில்லை, டிஸ்க்கில் 1 டிபி காலியாக இருக்க, இடமில்லை என்கிறது. பார்த்தால் இந்தப் பதிப்பிலிருந்து தற்காலிக ஃபைல்களுக்கான டெம்ப் ஃபோல்டர் டிஸ்க்கில் இல்லாமல் ராமில் உட்காருகிறது, பாதி ராம் வரைதான் இடம், என் ஸ்கிரிப்ட் அதில் படங்களைக் கொட்டிக்கொண்டிருந்தது. டிஸ்க்கிலேயே இருக்கும் வார் (/var) ஃபோல்டருக்குள் இருக்கும் டெம்ப்புக்கு மாற்றினேன், ஒரே வரி.

பெட்டியின் மேல் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறேன், அப்பாவுக்காகத் தமிழில் பெரிய எழுத்தில். கருப்பு டப்பா செருகியிருக்கா பாருங்க, பச்சை லைட் எரியுதா பாருங்க, பட்டனை ஒரு தடவை மட்டும் அமுக்குங்க. நாலாவதாக எனக்கு போன் பண்ணுங்க என்று எழுதியிருந்ததை அப்பா பேனாவால் அடித்துவிட்டு மச்சான் நம்பரை எழுதி வைத்திருக்கிறார்.