லாக்டென்னா, மைஃப்ளைட்புக்கா?

இரண்டுமே விமானிகள் தாங்கள் பறந்த கணக்கைப் பதிந்துவைக்கும் லாக்புக் ஆப்கள். எதை எடுப்பது என்று தீர்மானிக்க, முதலில் கையிலிருக்கும் போனைப் பாருங்கள். லாக்டென் ஐபோன், ஐபேட், மேக் மூன்றில்தான் ஓடும். ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர் மேற்கொண்டு படிக்கவே வேண்டாம். மைஃப்ளைட்புக் இரண்டு வகைப் போனிலும் ஓடும், பிரவுசரிலும் திறக்கும்.

அடுத்தது காசு. லாக்டெனுக்குச் சந்தா கட்ட வேண்டும். மைஃப்ளைட்புக் இலவசம், மனமிருந்தால் நன்கொடை தரலாம். மணிக்கணக்கில் விமான வாடகை கொடுக்கும் மாணவருக்கு இது சின்ன விஷயமில்லை.

ஏர்லைனில் சேர்ந்தபின் கதை மாறும். தினம் மூன்று நான்கு செக்டர் (ஓர் ஊரில் ஏறி அடுத்த ஊரில் இறங்குவது ஒரு செக்டர்) பறப்பவர் ஒவ்வொன்றையும் கையால் தட்டிக்கொண்டிருக்க முடியுமா? ரோஸ்டரை, அதாவது ஏர்லைன் தரும் பணி அட்டவணையை, உள்ளே இழுத்துக்கொள்வதில் லாக்டென் கெட்டிக்காரன். பார்க்கவும் லட்சணம். மைஃப்ளைட்புக்கின் முகம் பழைய அரசு இணையதளம் மாதிரி (எனக்கு அது பழகிவிட்டது).

கரன்சி கணக்கு, அதாவது சமீபத்தில் போதுமான அளவு பறந்திருக்கிறீர்களா என்ற கணக்கு, இரண்டிலும் உண்டு. அமெரிக்க விதிப்படி பயணியை ஏற்றக் கடைசி 90 நாளில் 3 டேக்-ஆஃப், 3 லேண்டிங் வேண்டும். இரவென்றால் ஒவ்வொரு லேண்டிங்கிலும் விமானம் முழுதாக நின்றிருக்க வேண்டும். தரையைத் தொட்டதும் நிற்காமல் மறுபடி எழும் டச் அண்ட் கோ மூன்றை அடித்துவிட்டு ‘ராத்திரிக்கும் சரி’ என்று நினைத்தால் ஆப் காட்டிக்கொடுக்கும். அதற்கு, இரவு ஃபுல் ஸ்டாப் எண்ணிக்கையை நீங்கள் அதற்குரிய கட்டத்தில் ஒழுங்காகப் போட்டிருக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், பயிற்சிக் காலத்தில் மைஃப்ளைட்புக். மாதம் ஒருமுறை பதிவுகளை, எக்செலில் திறக்கும் சிஎஸ்வி கோப்பாக இறக்கி வையுங்கள். பின்னால் லாக்டெனுக்குத் தாவினால் உதவும். பயிற்சியாளர் கையெழுத்துப் போட்ட காகிதப் புத்தகத்தை மட்டும் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.