லேமினேட் தரை போடப் போகிறீர்களா? 3,200 சிங்கப்பூர் வெள்ளி போன வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் மரியாதையாக எழுதிவிடுவேன்.

சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் எங்களுடையது நாலறை வீவக (அரசாங்க வீடமைப்புக் கழகம்) வீடு. ஹாலுக்கும் அதை ஒட்டிய இரண்டு படுக்கையறைகளுக்கும் பழைய டைல்ஸ் மேலேயே லேமினேட் போட 3,200 வெள்ளி பேசினோம். ஆளைப் பிடித்தது, வீட்டு வேலைக்கு ஆள் தேடித் தரும் ஒரு செயலியில். அதில் அவருக்கு ஐந்து நட்சத்திரம்!

வந்தவர் தமிழர். செருப்பை வெளியே விட்டார், அம்மாவிடம் "சாப்டீங்களாம்மா?" என்று கேட்டார், பையிலிருந்து ஒரு மாதிரிப் பலகையை எடுத்தார். ஒரு தம்ளர் தண்ணீர் வாங்கி அதன்மேல் ஊற்றிவிட்டு அளவெடுக்கப் போய்விட்டார். திரும்பி வந்து துணியால் துடைத்து, "பார்த்தீங்களாக்கா, ஒரு சொட்டு இறங்கல" என்றார். அந்தத் தண்ணீர் வித்தையில்தான் 1,600 வெள்ளி முன்பணம் பேநவ்வில் (கைப்பேசி வழி வங்கிப் பரிமாற்றம்) பறந்தது. மேல்பரப்பைத் தண்ணீர் ஒன்றும் செய்யாதுதான். ஆனால் உள்ளே இருப்பது மரநாரை அழுத்திச் செய்த பலகை. ஈரம் ஏறுவது ஓரத்து வெட்டு வழியாக. மாதிரியின் ஓரத்தை அவர் நனைக்கவே இல்லை.

"வாசல்ல பட்டை வைக்க வேணாமா தம்பி?" என்றும் கேட்டேன். அறை வாசலில் இரண்டு தரையும் சேரும் இடத்தை மூடுகிற பட்டையைச் சொல்கிறேன்.

"பட்டை வச்சா வீடு துண்டு துண்டா தெரியும்க்கா. ஹால்லேர்ந்து ரூம் வரைக்கும் ஒரே ஓட்டமா இழுத்துடலாம். ஓட்டல் மாதிரி இருக்கும்."

இருந்தது. மீதி 1,600 வெள்ளியும் கைமாறிக் கொஞ்ச நாள் வரைக்கும்.

அப்புறம் படுக்கையறை வாசலில் தரை எழும்ப ஆரம்பித்தது. கதவு உரசியது, இப்போது பாதிக்கு மேல் திறப்பதில்லை. அம்மா கால்விரலை இடித்துக்கொண்டு நொண்டுகிறார். தம்பியைக் கூப்பிட்டால், முதலில் "புதுப் பலகை, தானா அமுங்கிடும்க்கா". அடுத்து "மேல கனமா ஏதாவது வைங்க". அதற்கடுத்து "நீங்க ஈர மாப் போட்டிருப்பீங்க". கடைசியாக, வந்து பட்டை வைத்துத் தருகிறாராம், 280 வெள்ளி தனி! திட்டினேன். அதிலிருந்து வாட்ஸாப்பில் நீல டிக் மட்டும்தான். செயலிக்காரர்களோ "நாங்கள் அறிமுகம் செய்வதோடு சரி" என்றார்கள். பலகை விற்ற கடையில், உத்தரவாதம் பலகைக்குத்தானாம், போட்ட விதத்துக்கு இல்லையாம்.

பக்கத்து பிளாக்கில் தச்சுவேலை பார்க்கும் சீன அங்கிள் வந்து சுவரடியை மூடும் ஸ்கர்டிங் பலகையைக் கழற்றியதும்தான் விஷயம் தெரிந்தது. லேமினேட்டைத் தரையோடு ஒட்டுவதில்லை. ஒன்றோடொன்று கோத்து, நுரை விரிப்பின்மேல் சும்மா கிடக்க விடுகிறார்கள். நம் ஊர் ஈரக்காற்றில் அது விரியும், ஏர்கானில் சுருங்கும். அதற்காகச் சுவரோரம் சுற்றிலும் 8 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். எங்கள் வீட்டில் நகம்கூட நுழையவில்லை. கதவின் இரும்புச் சட்டத்திலும் பலகையை முட்ட வெட்டி சிலிகான் அடைத்து வைத்திருக்கிறார். அறைப் பக்கத்தை அலமாரியின் கனம் அழுத்திப் பிடித்துக்கொள்ள, ஹாலில் விரிந்ததெல்லாம் குறுகலான வாசலில் வந்து நெருக்கி, போக இடமில்லாமல் மேலே எழும்பிவிட்டது. வாசலில் வெட்டி, இடைவெளி விட்டு, அதை மூடப் பட்டை வைத்திருந்தால் ஒவ்வொரு அறைத் தரையும் தன்பாட்டுக்கு அசைந்திருக்கும். 3,200 வெள்ளி வாங்கியவருக்கு இது தெரியாதா? தெரியும். பட்டை வெட்டிப் பொருத்துவது அரை நாள் வேலை, அவ்வளவுதான்.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இருக்கிற எரிச்சலில் இவ்வளவுதான் வருகிறது: ஒவ்வொரு வாசலிலும் பட்டை உண்டா, சுவரோரம் எத்தனை மில்லிமீட்டர் என்று விலைச்சீட்டில் எழுதி வாங்குங்கள். ஸ்கர்டிங் அடிக்கும் முன் நீங்களே குனிந்து பாருங்கள். பாதிப் பணத்தை முன்கூட்டியே கொடுக்காதீர்கள். வீவக இணையத்தளத்தில் வீட்டுப் புதுப்பிப்பு வேலை எடுத்துச் செய்யும் குத்தகையாளர் பட்டியல் இருக்கிறது, பெயரைத் தட்டிப் பாருங்கள். வாட்ஸாப் பேச்சை அழிக்காதீர்கள்.

சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை, இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம், வக்கீல் வேண்டியதில்லை. இந்த வாரம் போடுகிறேன். 3,200 வெள்ளி, ஒரு காசு குறையாமல்.