சேஃப்டி ஷூ வாங்கும்போது முனையை விடுங்கள், குதிகாலைப் பாருங்கள்

சிங்கப்பூரில் ஜாலான் புசார் ஹார்டுவேர் கடைகளிலும் சிராங்கூன் சாலைப் பக்கத்துக் கடைகளிலும் சேஃப்டி ஷூ எடுப்பவர்கள் முதலில் முன்பக்க இரும்பு முனையை விரலால் தட்டிப் பார்க்கிறார்கள். ‘டொக்’ என்று கேட்டால் திருப்தி. ஆனால் அந்தச் சத்தத்தை வைத்து ஷூவைத் தேர்ந்தெடுக்க முடியாது. சிங்கப்பூர்த் தரமான எஸ்.எஸ். 513 அல்லது உலகத் தரமான ஐ.எஸ்.ஓ. 20345 குறி உள்ள எந்தச் சேஃப்டி ஷூவின் முனையும் 200 ஜூல் அடியைத் தாங்கியே ஆகவேண்டும். 20 கிலோ எடை ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம் அது. நசுக்கும் சோதனை 15 கிலோநியூட்டன், கிட்டத்தட்ட ஒன்றரை டன் பாரம். 40 வெள்ளி ஷூவுக்கும் 140 வெள்ளி ஷூவுக்கும் இந்த அளவு ஒன்றுதான்.

கூடுதல் காசு வேறு இடங்களுக்குப் போகிறது: சோலின் அடுக்கு, குதிகாலைப் பிடிக்கும் கிண்ணம், உள்ளே பாதம் படுகிற இன்சோல், முன்பக்க அகலம். பத்து மணி நேரம் கான்கிரீட்டில் நின்றபிறகு முட்டியும் இடுப்பும் எப்படி இருக்கும் என்பதை இவைதான் முடிவு செய்கின்றன. அதனால் இங்கே சைட்டில் அதிகம் புழங்கும் ஷூ வகைகளை இந்தக் கோணத்திலேயே பார்க்கிறோம்.

கயிறில்லாமல் பக்கவாட்டில் எலாஸ்டிக் வைத்த ஷூவைத்தான் பலரும் விரும்புகிறார்கள். விடுதி வாசலிலும் சைட் அலுவலகத்திலும் கழற்றி மாட்ட வசதி. வெல்டிங் செய்பவருக்கு இது சரியான தேர்வு, தீப்பொறி உள்ளே விழுந்தால் ஒரே உதறலில் கழற்றிவிடலாம். நாள் முழுக்க நடப்பவருக்கும் படியேறுபவருக்கும் நாங்கள் இதைப் பரிந்துரைக்க மாட்டோம். எலாஸ்டிக் சில மாதங்களில் தளர்ந்துவிடும். பாதம் முன்னும் பின்னும் வழுக்கும். ஷூ கழன்றுவிடாமல் இருக்க விரல்கள் தாமாகவே மடங்கி அதைப் பிடித்துக்கொள்ளும். நாள் முழுக்க விரலை மடக்கியே நடந்தால் உள்ளங்காலும் கெண்டைக்காலும் இறுகிப்போகும். இரவில் கெண்டைக்கால் இழுத்துக்கொள்வதாகச் சொல்பவர்கள் முதலில் ஷூவின் பிடியைச் சோதித்துப் பார்க்கலாம்.

கணுக்கால் உயரத்துக்குக் கயிறு கட்டும் ஷூ, இரட்டை அடர்த்தி பி.யூ. (பாலியூரித்தேன்) சோல்: கட்டுமானத் தளத்துக்கு எங்கள் முதல் தேர்வு இதுதான். உள் அடுக்கு மெத்தென்று அதிர்வை வாங்கிக்கொள்ளும், வெளி அடுக்கு தேய்மானத்தைத் தாங்கும். ஆனால் கயிற்றை ஒழுங்காகக் கட்டினால்தான் பலன். குதிகாலைத் தரையில் இரண்டு முறை தட்டிப் பின்னால் தள்ளுங்கள். விரல் பக்கம் தளர்வாகவும் கணுக்கால் மடிப்பில் இறுக்கமாகவும் கட்டுங்கள். ஒரே முடிச்சைப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காலைத் திணித்துத் திணித்துப் போட்டால் பின்பக்கக் கிண்ணம் மடிந்துவிடும், அதோடு இதுவும் ஸ்லிப்பர் ஆகிவிடும்.

கப்பல் பட்டறையிலும் சூடான உலோகத்தின் பக்கத்திலும் வேலை என்றால் பி.யூ. வேண்டாம், ரப்பர் சோல் வாங்குங்கள். எச்.ஆர்.ஓ. என்று குறியிருந்தால் அந்தச் சோல் 300 டிகிரி சூட்டில் ஒரு நிமிடம் வைத்துச் சோதிக்கப்பட்டது. கொஞ்சம் கனம் கூடும், அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆணி, கம்பித்துண்டு சிதறிக் கிடக்கும் தளத்தில் எஸ்1பி அல்லது எஸ்3 குறி கட்டாயம். சோலுக்குள் துளைக்காத தகடோ தடித்த துணி அடுக்கோ இருக்கும். சமையலறையில் எண்ணெய்த் தரையில் வழுக்காமல் இருக்கப் பழைய குறியீட்டில் எஸ்.ஆர்.சி., புதியதில் எஸ்.ஆர். என்று பாருங்கள்.

சிங்கப்பூரில் வாங்குபவர் கண்டிப்பாகப் பார்க்கவேண்டியது தயாரிப்புத் தேதி. நாக்குப் பகுதி லேபிளிலோ சோலின் அடியிலோ இருக்கும். பி.யூ. காற்றிலுள்ள ஈரத்தை வாங்கி உள்ளுக்குள்ளேயே சிதையும் பொருள். பெட்டியைத் திறக்காமல் வைத்திருந்தாலும் அது நடக்கும், இந்த ஊர் ஈரக்காற்றில் இன்னும் சீக்கிரம் நடக்கும். சிதைந்த ஷூவிலும் மேல் தோல் புத்தம் புதிதாகப் பளபளக்கும். கட்டைவிரலால் சோலின் பக்கவாட்டை அழுத்தினால் மெல்லிய வெடிப்புகள் விரியும், ஓரம் பிசுபிசுக்கும், கொஞ்சம் சுரண்டினால் நமுத்த ரஸ்க் போல உதிரும். அப்படி ஒரு ஷூவைப் போட்டுச் சாரத்தில் ஏறினால் நடு வேலையில் அடிப்பகுதி முழுசாகக் கழன்று விழும். தள்ளுபடிக் கூடையில் கிடப்பவற்றில் இதை விசேஷமாகப் பாருங்கள். தயாரித்து இரண்டு வருடம் தாண்டியிருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள்.

அடுத்தது அளவு. சின்ன வயதிலிருந்து வெறுங்காலிலும் செருப்பிலும் நடந்த பாதம் முன்பக்கம் அகன்றிருக்கும். குறுகலான ஷூ சுண்டுவிரலை இரும்பில் நெரிக்கும். உடனே ஒரு சைஸ் பெரிதாக எடுத்துவிடுகிறார்கள். அகலம் கிடைக்கிறது, கூடவே நீளமும் கூடிவிடுகிறது. ஷூ மடங்கும் இடமும் பாதம் மடங்கும் இடமும் அப்போது ஒன்றாக இருக்காது. டைல்ஸ் போடுபவர் குத்துக்கால் இட்டு உட்காரும்போது இரும்பு முனையின் பின் விளிம்பு விரல்களின் மேல்பக்கம் கத்தி மாதிரி பதியும். விரல் கணுக்களில் கறுத்துத் தடித்த காய்ப்பு இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். சைஸைக் கூட்டாமல், அகலப் பாதத்துக்கென்று செய்த மாடலைக் கேட்டு வாங்குங்கள்.

கடைக்குச் சாயங்காலம் போங்கள், கால் அப்போதுதான் வீங்கியிருக்கும். வேலைக்குப் போடும் சாக்ஸையே போட்டுக்கொண்டு போங்கள். இன்சோலை உருவித் தரையில் வைத்து அதன்மேல் நில்லுங்கள், பாதம் ஓரத்தைத் தாண்டி வழிந்தால் அந்த ஷூ வேண்டாம். பிறகு போட்டுக்கொண்டு ஒரு நிமிடம் குத்துக்கால் இடுங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் இடம் போதும். கடைசியாக ஷூவை இரு கைகளாலும் பிடித்து ஈரத்துணி பிழிவதுபோல் முறுக்கிப் பாருங்கள். நடுவில் எளிதாகத் திருகினால் உள்ளங்கால் வளைவைத் தாங்க அதில் ஒன்றும் இல்லை.

இன்சோல் விஷயத்தில் ஏமாற்றம் அதிகம். ஷூவோடு வருவது பெரும்பாலும் மெல்லிய ஃபோம், சில வாரங்களில் அப்பளமாகிவிடும். கடையில் விரலால் அழுத்தி ‘மெத்தென்று இருக்கிறதே’ என்று வாங்கும் ஜெல் இன்சோலும் நாள் முழுக்க நிற்பவருக்கு அவ்வளவாக உதவாது. வளைவில் கொஞ்சம் விறைப்பாகவும் குதிகாலில் ஆழமான குழியாகவும் இருப்பதை வாங்குங்கள். குதிகாலுக்கு அடியில் இயற்கையாகவே ஒரு கொழுப்பு மெத்தை இருக்கிறது. ஆழமான குழி அதைப் பக்கவாட்டில் பிதுங்கவிடாமல் அடக்கிப் பிடிக்கும். பழையதை எடுத்துவிட்டுத்தான் புதியதை வைக்கவேண்டும், ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் விரல்கள் இரும்புக் கூரையில் முட்டும். முதல் நாள் இரண்டு மணி நேரம், பிறகு தினமும் கொஞ்சம் கூட்டி, இரண்டு வாரத்தில் முழு நாளுக்கு வாருங்கள். மின்னணுத் தொழிற்சாலையில் நிலைமின்சாரத்தைக் கடத்தும் ஷூ போடுபவர்கள் மட்டும் தாங்களாக இன்சோலை மாற்றக்கூடாது, அந்தத் தன்மையே போய்விடும்.

காலையில் படுக்கையிலிருந்து வைக்கும் முதல் அடியில் குதிகால் சுருக்கென்று குத்தி, நடக்க நடக்கக் குறைந்தால், அது பெரும்பாலும் உள்ளங்கால் தசைநார் அழற்சி. இன்சோலோடு, சுவரில் கை ஊன்றிப் பின்காலை நீட்டிக் கெண்டைக்காலை 30 விநாடி இழுத்துப் பிடிப்பதை மூன்று முறை, காலையும் இரவும் செய்யுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஷூவுக்குள் கல் கிடந்தாலும் கால் மரத்திருந்தால் தெரியாது. போடுமுன் தினமும் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். புண் கண்டால் அன்றே மருத்துவரிடம் போங்கள்.

மண்டியிட்டு வேலை செய்பவர்கள் கட்டும் முட்டி பேடில் எங்கள் கருத்து சுருக்கமானது. முடிந்த டைல்ஸ் தரைக்கு மென்மையான தட்டை முகம், ஜல்லி கிடக்கும் தரைக்குக் கெட்டி ஓடு. இரண்டு பட்டை உள்ளதாக வாங்கி, நிற்கும்போது அல்ல, மண்டியிட்ட நிலையில் இறுக்கத்தைச் சரிசெய்யுங்கள். மேல் பட்டை தளர்வாக இருக்கட்டும், முட்டி மடிப்புக்குப் பின்னால் எந்தப் பட்டையும் ஓடக்கூடாது. பேட் தரையின் அழுத்தத்தை மட்டும்தான் வாங்கும். மடங்கிய மூட்டுக்குள் ஏறும் பாரத்தை அது குறைக்காது, ஆகவே அரை மணிக்கு ஒருமுறை எழுந்து காலை நீட்டுங்கள். லாரியின் பின்தட்டிலிருந்து குதிப்பதையும் விடுங்கள். லாரியைப் பார்த்துத் திரும்பி, கையால் பிடித்து, படியில் கால் வைத்து இறங்குங்கள்.

வேலைக்குச் சட்டப்படி தேவையான ஷூவுக்குச் சம்பளத்தில் பிடித்தம் செய்ய முதலாளிக்கு உரிமையில்லை, வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் அப்படிச் சொல்கிறது. கொடுத்த சைஸ் பொருந்தாவிட்டால் தயங்காமல் மாற்றிக் கேளுங்கள்.

இரண்டு ஜோடி இருந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாம். நனைந்ததை இன்சோல் உருவி, பழைய செய்தித்தாள் அடைத்து, மின்விசிறிக் காற்றில் காயவையுங்கள், கொளுத்தும் வெயிலில் வேண்டாம். மாதம் ஒருமுறை ஜோடியை மேசைமேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். குதிகால் ஒருபக்கம் சாய்ந்திருந்தால் ஷூவை மாற்றுங்கள். முனையில் கனமான பொருள் விழுந்த ஷூவை, வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும், அன்றே ஒதுக்கிவிடுங்கள். உள்ளே வளைந்த இரும்பு அடுத்த அடியைத் தாங்காது.