தோர்கலை எந்த ஆல்பத்தில் தொடங்கலாம்?

தோர்கல் என்ற வைக்கிங் வீரனைப் பற்றிய காமிக்ஸ் தொடர் இது; அதன் ஒவ்வொரு புத்தகத்தையும் ஆல்பம் என்பார்கள். எனக்கு அது அறிமுகமானது 'விடைபெறுகிறேன், ஆரிசியா' மூலம். 2023-ல் ரோபின் ரெக்ட் உருவாக்கிய, முக்கிய வரிசையில் சேராத தனி ஆல்பம் அது. முதுமையடைந்த தோர்கல், இறந்துபோன மனைவி ஆரிசியா, கடந்த காலத்துக்குத் திரும்ப வழிகாட்டுவதாக ஆசை காட்டும் நிதோக் என்ற பாம்பு. கதை முழுமையாகவே புரிந்தது. ஓவியங்களில் சொக்கிப்போனேன். ஆனால் அழவில்லை. யாருக்காக அழ வேண்டும் என்று தெரிந்தால்தானே?

பிறகு பழைய ஆல்பங்களைப் படித்துவிட்டு அதையே மறுபடி எடுத்தேன். முதல் சில பக்கங்களிலேயே கண் கலங்கிவிட்டது. கதை தனியாக நின்றாலும், அதிலுள்ள துக்கம் முந்தைய ஆல்பங்களில் சேர்ந்தது. அதனால், ஒரே புத்தகத்தில் முடியும் ஒன்-ஷாட்தானே என்று இதைப் புதியவர்கள் கையில் கொடுக்க மாட்டேன்.

அப்படியானால் முதல் ஆல்பம்? கதாசிரியர் ழான் வான் ஹாமும் ஓவியர் ரோசின்ஸ்கியும் 1977-ல் பத்திரிகைத் தொடராகத் தொடங்கியது, 1980-ல் 'வஞ்சிக்கப்பட்ட சூனியக்காரி' என ஆல்பமானது. தொடக்கக் காட்சி அபாரம்: கடல் ஏறும்போது மூழ்கிச் சாகட்டும் என்று தோர்கலைச் சங்கிலியில் பிணைத்துவிட்டுப் போகிறார்கள். ஒற்றைக்கண் சூனியக்காரி ஸ்லிவியா காப்பாற்றுகிறாள், ஓராண்டு அடிமை ஊழியம் என்ற விலையில். ஆனால் ஒரே ஆல்பத்தில் இரண்டு கதைகள். முக்கியக் கதைக்கு இடம் போதவில்லை. ரோசின்ஸ்கியின் கையும் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறது. வைக்கிங் கதைக்குள் விண்மீன்கள் நுழையும் அந்தப் பெரிய திருப்பமும் இரண்டாவது ஆல்பத்தில்தான். நாற்பது தாண்டிய வரிசையை ஒன்றிலிருந்து படிப்பேன் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு இது சரி. தயங்கி நிற்பவரை இது இழுக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

என் தேர்வு 1985-ல் வந்த ஒன்பதாவது ஆல்பம், 'வில்லாளிகள்'. புயலில் படகை இழந்த தோர்கலுக்கு வீடு திரும்பப் புதுப் படகு வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். அதற்காக வில்வித்தைப் போட்டி. இவ்வளவுதான் கதை. முன்கதை ஒரு வரி தெரியாவிட்டாலும் அவன் எப்படிப்பட்டவன் என்று பத்துப் பக்கத்தில் புரிந்துவிடும்: நாயகனாகும் ஆசை துளியும் இல்லாத நாயகன், குடும்பத்தோடு நிம்மதியாக இருந்தால் போதும் என்பவன். போட்டிக் காட்சிகளில் ரோசின்ஸ்கி பேனல்களை அடுக்கியிருக்கும் விதத்தில் நாமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குறிபார்க்கிறோம். மந்திரமும் தெய்வங்களும் பின்னால் விலகி நிற்பதால், மிகுபுனைவு என்றாலே ஒதுங்குபவர்கூட உள்ளே வந்துவிடுவார்.

எட்டாவது ஆல்பமான 'அலினோயே'யும் பலமான போட்டியாளர்தான். ஆளில்லாத தீவு, தாய் ஆரிசியா, அவளுக்கும் தோர்கலுக்கும் பிறந்த சிறுவன் ஜோலன், அவன் கற்பனையில் பிறந்த ஒரு தோழன். திகில் கதையாக அதை மிஞ்ச இந்தத் தொடரிலேயே சிலதுதான் உண்டு. ஆனால் தோர்கல் பெரும்பாலும் ஊரில் இல்லை! நாயகனைச் சந்திக்க வந்தவருக்கு அவன் இல்லாத வீட்டைக் காட்டுவது போலாகிவிடும். இரண்டாவதாகக் கொடுங்கள். ஏழாவது ஆல்பமான தோர்கலின் சிறுவயதுக் கதைகளை அதற்கும் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

'வில்லாளிகள்' முந்துவதற்கு இன்னொரு காரணம் கிரிஸ் ஆஃப் வால்நோர். பணத்துக்காக எதற்கும் துணியும் அந்த வில்லாளி முதன்முதலாக அடியெடுத்து வைப்பது இங்கேதான். சுமார் பத்து ஆல்பம் கழித்து, நினைவிழந்த தோர்கலிடம் 'நான்தான் உன் மனைவி' என்று ஒருத்தி சொல்வாள். அவள் யாரென்று அவனுக்குத் தெரியாது. 'வில்லாளிகள்' படித்த உங்களுக்குத் தெரியும்.