டிஸ்க்குக்குச் செலவிடுவதா, பேடுக்கா?

மைக்ரோமீட்டர் 22.3 மில்லிமீட்டர் காட்டியது. என் டொயோட்டா 86 காரின் முன் பிரேக் டிஸ்க், அதாவது சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டு, புதிதில் 24 மில்லிமீட்டர் தடிமன். 22-க்குக் கீழே இறங்கிவிட்டால் அது பழைய இரும்புக் கடைக்குத்தான். விளிம்பில் நகம் சிக்கும் அளவுக்கு ஒரு வரப்பு எழும்பியிருந்தது. லேத்தில் கொடுத்துக் கடைசல் பிடிக்கலாமே என்று நண்பர் கேட்டார். 0.3 மில்லிமீட்டர் மட்டும் மிச்சம் வைத்திருக்கும் டிஸ்க்கில் கடைசலுக்கு எங்கே இடம்? நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க், மிதித்ததும் அதை இருபுறமும் கவ்வும் பேட் இரண்டையும் புதிதாகவே வாங்குவது என்று முடிவாயிற்று.

வண்டி எங்கே, எப்படி ஓடுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது மாறினால் என் தீர்ப்பும் மாறும். ஊர் கனடாவின் ஒன்டாரியோ. வாரம் முழுக்க அலுவலகத்துக்குப் போய்வரும் வண்டி. கோடையில் மூன்று நான்கு முறை மொஸ்போர்ட் பந்தயத் தடத்துக்குப் போகும். கனடாவின் முதல் ஃபார்முலா 1 கிராண்ட் பிரி 1967-ல் நடந்த அதே தடம்தான். பெயரை மாற்றி ஆண்டுகள் பல ஆகியும் ஊரார் வாயில் அது இன்னும் மொஸ்போர்ட்தான். பனிக்காலத்தில் சாலையெங்கும் உப்பு.

மொஸ்போர்ட்டின் நீண்ட நேர்பாதை எட்டாவது வளைவில் முடிகிறது. அங்கே மணிக்கு 190 கிலோமீட்டரில் வந்து 130-க்குக் குறைப்பதாக வைத்துக்கொள்வோம். ஓட்டுபவரையும் சேர்த்து எடை 1,330 கிலோ. அந்த ஒரு மிதியில் ஏறக்குறைய பத்து லட்சம் ஜூல் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. அதில் எழுபது சதவீதம் முன் சக்கரங்களுக்குப் போகிறது என்றும், முன் டிஸ்க் ஒவ்வொன்றும் ஏழரை கிலோ என்றும் கொண்டால், ஒரே மிதியில் டிஸ்க்கின் சூடு சுமார் 100 டிகிரி ஏறும். முழுவதும் ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும்.

தோசைக்கல் கதைதான் இது. கல் கனமாக இருந்தால் சூடு நிதானமாக ஏறும். மெல்லிய தகட்டுக் கல் சட்டென்று கொதித்துத் தோசையைக் கருக்கிவிடும். டிஸ்க்கின் முதல் வேலை சூட்டை வாங்கி வைத்துக்கொள்வது, அடுத்த வேலை அதைக் காற்றுக்குக் கொடுப்பது. இதை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் பாதி விளம்பரங்கள் தாமாகவே உதிர்ந்துவிடும்.

முதலில் உதிர்வது துளையிட்ட டிஸ்க். அழகு என்னவோ அதற்குத்தான். சக்கரக் கம்பிகளின் இடையில் பார்த்தால் எனக்கும் ஆசை வரத்தான் செய்கிறது. அந்தக் காலத்துப் பேடுகளில் இருந்த பிசின், சூட்டில் வாயுவாகி, பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் மெத்தைபோல் நின்றது. அது வெளியேற வழி வேண்டும் என்றுதான் துளை போட்டார்கள். இன்றைய நல்ல பேடுகளில் அந்தத் தொல்லை பெரிதும் குறைந்துவிட்டது. மழையில் முதல் பிடிக்குத் துளை கொஞ்சம் உதவும், அவ்வளவுதான். பதிலுக்கு இரும்பின் எடை குறைகிறது. ஒவ்வொரு துளையின் விளிம்பும் விரிசலுக்கு ஒரு தொடக்கப் புள்ளியாகிறது. போர்ஷேவும் துளையிட்ட டிஸ்க் போடுகிறதே என்பார்கள். அது துளைகளைக் கணக்கில் வைத்தே வடிவமைத்த, அளவில் பெரிய டிஸ்க். மலிவு விலையில் வருவது பெரும்பாலும் சாதாரண டிஸ்க்கில் டிரில் இறக்கியதுதான். தடத்தில் பக்கத்தில் நின்ற ஒரு காரில், துளையிலிருந்து துளைக்குக் கோடு இழுத்ததுபோல் விரிசல் ஓடியிருந்ததை விரலால் தடவிப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கே இந்த ஆசை போய்விட்டது.

வரிவெட்டிய டிஸ்க்கை அப்படித் தள்ளிவிட முடியாது. வரிகள் பேடின் முகத்தைச் சீவிச் சீவிப் புதிதாக வைத்திருக்கும், தூளையும் துடைத்தெடுக்கும். மாதம் இரண்டு முறை தடத்துக்குப் போகிறவராக இருந்தால் இதைத்தான் வாங்கச் சொல்வேன். ஆனால் பேட் சீக்கிரம் தேயும். அழுத்தி மிதித்தால் ஒரு உறுமல் கேட்கும். வருடத்துக்கு நான்கு நாளுக்காக, அலுவலகம் போகும் மற்ற நாளெல்லாம் அதைக் கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியாது.

நடுவில் அலுமினியம், சுற்றிலும் இரும்பு வளையம் என்று இரண்டு துண்டாக வரும் டிஸ்க் எடை குறைவு. சூட்டில் வளையம் தாராளமாக விரியும். தேய்ந்தால் வளையத்தை மட்டும் மாற்றலாம். பொறியியலாக அருமையானது. ஆனால் இரண்டு உலோகமும் சேரும் இடத்தில் உப்புத் தண்ணீர் என்ன செய்யும் என்பதற்கு இங்கே ஒரே ஒரு பனிக்காலம் போதும். கார்பன் செராமிக் பற்றிப் பேசவே வேண்டாம். 2001-ல் போர்ஷே 911 ஜிடி2 காரில் வந்த நாளிலிருந்து அது வேறு வருமானக்காரர்களின் சமாச்சாரம்.

ஆக, துளையும் வரியும் இல்லாத வெறும் வார்ப்பிரும்பு டிஸ்க். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் கூடுதல் பணம் கொடுத்தேன். பேட் உரசும் முகம் போக மற்ற இடமெல்லாம் துருத்தடுப்புப் பூச்சு பூசியதாகக் கேட்டு வாங்கினேன். துரு முதலில் தின்பது சக்கரக் குடத்தோடு டிஸ்க் ஒட்டும் இடத்தையும் நடுவில் காற்று போகும் இடுக்குகளையும்தான்.

மிச்சம் பிடித்த பணம் பேடுக்குப் போனது. என் வண்டியில் முந்தைய உரிமையாளர் மாட்டிவிட்டுப் போன மலிவுப் பேட் இருந்தது. மொஸ்போர்ட்டில் நான்காவது சுற்றில் எட்டாவது வளைவுக்கு வந்து மிதித்தேன். மிதி கல்லாக நின்றது; வண்டி மட்டும் நிற்க மனமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. கருகிய வாடை. மிதி கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் பேட் சூட்டில் பிடியை விட்டுவிட்டது என்று பொருள். மிதி பஞ்சுபோல் உள்ளே போனால் பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. இரண்டும் வேறு வேறு நோய். இது புரியாமல் பேட் பிரச்சினைக்குப் பெரிய டிஸ்க் வாங்கியவர்கள் உண்டு.

கடையில் கிடைக்கும் பேடுகள் மூன்று குணத்தில் வருகின்றன. வீட்டு உபயோகத்துக்கான செராமிக் பேட் சத்தம் போடாது, சக்கரத்தைக் கருப்பாக்காது, டிஸ்க்கையும் தின்னாது. தடத்துக்கே போகாதவருக்கு அது போதும். அதற்குமேல் வாங்குவது வீண். மறுகோடியில் முழுப் பந்தயப் பேட். ஹாக் டிடிசி-60 போன்றவற்றின் வேலை வரம்பே சுமார் 200 டிகிரியில்தான் தொடங்குகிறது. காலை ஏழு மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் ஒரு குழந்தை குறுக்கே வந்தால் அந்தச் சூடு எங்கிருந்து வரும்? போதாக்குறைக்கு ஒவ்வொரு சிக்னலிலும் கிறீச்சிடும். அதன் இரும்புத் தூள் சக்கரத்தில் படிந்து ஈரம் பட்டதும் துருக்கறையாகிவிடும்.

நடுவில் நிற்பவற்றில் நான் எடுத்தது ஃபெரோடோ டிஎஸ்2500. தயாரிப்பாளர் சொல்லும் வரம்பு 20 முதல் 500 டிகிரி வரை. குளிரில் முதல் மிதியிலேயே பிடிக்கிறது. தடத்தில் இருபது நிமிட ஓட்டம் முழுக்கக் கைவிடவில்லை. மெதுவாக நிற்கும்போது சில நாள் முனகும். அதே பேடைப் பின்னாலும் போட்டேன். முன்னால் மட்டும் காரமான பேட் போட்டால் முன்பின் சமநிலை குலையும். பின் பிரேக் சும்மா உட்கார்ந்திருக்க, முன் பிரேக்கே எல்லாச் சூட்டையும் சுமக்கும்.

பேடின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் இரண்டு ஆங்கில எழுத்துகளைப் பார்த்து வாங்கச் சொல்வோர் உண்டு. முதல் எழுத்து ஆறிய நிலையின் பிடி, அடுத்தது சூடேறிய பிடி. ஆனால் ஒரே எழுத்தின் வரம்புக்குள் 0.35 உராய்வெண்ணும் அடங்கும், 0.45-ம் அடங்கும். ஜாதகம் பார்த்த அளவுக்குத்தான் பயன்.

பிரேக் ஆயிலைப் பற்றி இரண்டு வரி. டாட் 4 தரத்தின்படி புதிய ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக்கூடாது. ஈரம் குடித்துவிட்டால் அந்த எல்லை 155-க்கு இறங்கிவிடும். எனவே தடத்துக்குப் போகுமுன் புது ஆயில். இதற்கு ஆகும் செலவு ஒரு துளையிட்ட டிஸ்க்கின் விலையில் சிறு பங்கு.

மாட்டிய அன்றே ஆளில்லாத சாலையில் 100-லிருந்து 20 வரை எட்டு முறை மிதித்தேன், ஒருமுறையும் முழுக்க நிறுத்தாமல். பேடின் மெல்லிய படலம் டிஸ்க்கில் சீராகப் படிய வேண்டும். சூட்டோடு மிதித்தபடி நின்றால் பேட் இருந்த இடத்தில் திட்டாக ஒட்டிக்கொள்ளும். பிறகு ஸ்டியரிங் உதறும். டிஸ்க் கோணிவிட்டது என்று பலர் தூக்கிப்போடுவது பெரும்பாலும் இந்தத் திட்டைத்தான்.

மாட்டுவதில் ஒரு நாள் முழுக்க ஓடியதற்குக் காரணம் பின் சக்கர டிஸ்க்தான். முன் டிஸ்க்குகளில் இருக்கும் இரண்டு மரைத் துளைகளில் போல்ட்டை மாறி மாறி முறுக்கினேன்; டப்பென்று கழன்று வந்தன. பின்னால் அதே வித்தை பலிக்கவில்லை. சுத்தியல், துரு ஸ்பிரே, வாயில் வந்த வசவு எல்லாம் தீர்ந்தபிறகுதான் நினைவு வந்தது: இந்த வண்டியின் கைபிரேக் பின் டிஸ்க்கின் வயிற்றுக்குள் ஒரு சின்ன டிரம்மாக இருக்கிறது. தேய்ந்த டிரம்மின் துரு விளிம்பில், அதை உள்ளிருந்து அழுத்தும் கைபிரேக் ஷூ மாட்டிக்கொண்டிருந்தது. ரப்பர் மூடியைக் கழற்றி, ஸ்க்ரூடிரைவரால் உள்ளிருக்கும் பல்சக்கரத்தை நாலைந்து பல் தளர்த்தியதும், அவ்வளவு நேரம் அடம்பிடித்த டிஸ்க் என் மடியில் வந்து விழுந்தது.