வெஸ்ட் இண்டீஸ் டெஸ்ட் அணி: பந்து போடும்போது மட்டும் பாருங்கள்

1980 தொடக்கத்தில் நியூசிலாந்தில் தோற்ற பிறகு, 1995 மே மாதம் ஆஸ்திரேலியாவிடம் விழும்வரை ஒரு டெஸ்ட் தொடரைக்கூட இழக்காத அணி இது. அந்தப் பெருமைக்கு இங்கே மதிப்பெண் கிடையாது. ஐந்து நாள் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு இன்று என்ன கிடைக்கிறது என்பதுதான் கணக்கு.

2025-இல் ஆஸ்திரேலியா கரீபியனுக்கு வந்த தொடரை எடுத்துக்கொள்வோம். முடிவு 0-3. ஆனால் ஆஸ்திரேலியாவின் ஆறு இன்னிங்ஸ்: 180, 310, 286, 243, 225, 121. ஆறிலும் ஆல் அவுட். அறுபது விக்கெட், 1365 ரன். விக்கெட்டுக்கு 23 ரன்கூடக் கொடுக்கவில்லை. ஷமார் ஜோசப் மட்டும் 22 விக்கெட். பழைய காலத்து அணிக்கே இது நல்ல தொடர்தான். மறுபக்கம் வெஸ்ட் இண்டீஸ் பேட்டிங்கைப் பாருங்கள்: 190, 141, 253, 143, 143, 27.

அந்த 27 கிங்ஸ்டன் சபீனா பார்க்கில், பகலிரவு டெஸ்டில் வந்தது. இலக்கு 204. ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் ஸ்டார்க்கின் முதல் ஓவரிலேயே ரன் எதுவும் வராமல் மூன்று விக்கெட். அவருடைய 15 பந்துகளில் ஐந்து. ஏழு பேர் டக், அதாவது பூஜ்ஜியத்தில் அவுட். 14.3 ஓவரில் கடை மூடியாயிற்று. 1955-இல் நியூசிலாந்து எடுத்த 26 தான் டெஸ்டின் மிகக் குறைந்த ஸ்கோர். அந்தச் சாதனை ஒரே ரன்னில் தப்பியது. இளஞ்சிவப்புப் பந்து விளக்கொளியில் தாமதமாக உள்ளே வளைந்தது உண்மை. ஆனால் அந்த வளைவுக்கு முன்காலை குறுக்கே போடாமல் நேர்மட்டையில் ஆடுவது ஓப்பனரின் அடிப்படைப் பாடம். முன்பு கிரீனிட்ஜும் ஹெய்ன்ஸும் சேர்ந்து பதினாறு முறை நூறு ரன் கூட்டணி போட்ட ஓப்பனர் இடம் அது.

வீழ்ச்சிக்கு வழக்கமாகச் சொல்லும் காரணம், பையன்கள் பாஸ்கெட்பால் பக்கம் போய்விட்டார்கள் என்பது. அப்படியானால் முதலில் காணாமல் போக வேண்டியது உயரமான, வேகமான பவுலர்கள்தானே? மிஞ்சியிருப்பதே அவர்கள்தான். ஷமார் ஜோசப் கயானாவில் படகில் போய்ச் சேர வேண்டிய பராகாரா கிராமத்துக்காரர். காவலாளி வேலை பார்த்தவர். 2024 ஜனவரியில் அடிலெய்டில் தம் முதல் டெஸ்டின் முதல் பந்திலேயே ஸ்டீவ் ஸ்மித்தை எடுத்தார். அடுத்த டெஸ்டில், பிரிஸ்பேனின் காபா மைதானத்தில், 68 ரன்னுக்கு 7 விக்கெட். எட்டு ரன்னில் வெற்றி. வேகம் அப்படித் திடீரென்று வந்து நிற்கும், பேட்டிங் வராது. அதற்கு நூற்றுக்கணக்கான இன்னிங்ஸ் ஆட வேண்டும்.

அந்த இன்னிங்ஸை முன்பு கொடுத்தது இங்கிலாந்தின் உள்நாட்டுப் போட்டியான கவுண்டி. ரிச்சர்ட்ஸ் சோமர்செட்டில், கிரீனிட்ஜ் ஹாம்ப்ஷயரில், லாயிட் லங்காஷயரில்: ஈரமான பிட்ச், வளையும் பந்து, வாரம் முழுக்க ஆட்டம். இன்று அந்த இடத்தில் இருப்பது வருடத்துக்குச் சில பிராந்திய நான்கு நாள் ஆட்டங்கள். பிட்ச்சுகளும் பெரும்பாலும் மெதுவானவை, தாழ்வானவை. லாராவின் சராசரி 52.88, சந்தர்பாலுடையது 51.37. பின்னர் வந்த ஓப்பனர் பிராத்வெயிட் நூறு டெஸ்ட் ஆடினார். சராசரி 32-ஐ ஒட்டித்தான்.

பணம் இன்னொரு ஓட்டை. பல நாடுகள் சேர்ந்த அணி என்பதால் உள்ளூர் ஆட்டத்துக்கே விமானச் செலவு. சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலான ஐசிசியின் வருமானத்தில் இந்தியாவுக்கு 38.5 சதவீதம் போக, இவர்களுக்கு வருவது 4.58. டி20 லீக் கூப்பிட்டால் வீரர் போகத்தான் செய்வார். ரசல் ஆடியது ஒரே டெஸ்ட். பொல்லார்டும் பூரனும் அதுவும் இல்லை. குற்றம் வீரர்மேல் என்று தோன்றவில்லை. 2014-இல் சம்பளத் தகராறில் இந்தியப் பயணத்தைப் பாதியில் விட்டுவிட்டு அணி ஊர் திரும்பும் அளவுக்கு விஷயத்தை முற்ற விட்டதில் வாரியத்துக்கும் பங்குண்டு.

ஃபீல்டிங்கை நம்பி உட்கார முடியாது. ஆஸ்திரேலியாவை 180-க்கு உருட்டிய அதே பிரிட்ஜ்டவுன் டெஸ்டில் கேட்சுகளைக் கோட்டைவிட்டார்கள்.

ஸ்பின்னுக்கு வாரிக்கன் இருக்கிறார். 2025 ஜனவரியில் முல்தானில் கிடைத்த வெற்றி, பாகிஸ்தான் மண்ணில் 1990-க்குப் பிறகு முதலாவது. அந்தத் தொடரில் அவருக்கு 19 விக்கெட். திரும்புகிற பிட்ச் என்றால் தைரியமாக உட்காரலாம்.

ஒருநாள் ஆட்டத்துக்கு நேரம் ஒதுக்க வேண்டாம். 1975, 1979 உலகக் கோப்பைகளை வென்றவர்கள், 2023-இல் ஹராரேயில் ஸ்காட்லாந்திடம் தோற்று, தகுதிகூடப் பெறவில்லை.

டெஸ்டில், எதிரணி பேட்டிங்கின் முதல் இருபது ஓவரைத் தவறவிடாதீர்கள். சீல்ஸும் ஷமாரும் புதுப்பந்தில் போடுவது எந்த அணிக்கும் குறைந்ததல்ல. வெஸ்ட் இண்டீஸ் பேட்டிங் என்றால் முதல் பத்து ஓவர் முடிந்ததும் ஸ்கோரைப் பாருங்கள். இரண்டு விக்கெட்டுக்குள் இருந்தால் உட்காருங்கள். இந்த விதியும் பொய்க்கும். கிங்ஸ்டன் 27-இல் அதிகபட்சமாக 11 எடுத்த ஜஸ்டின் கிரீவ்ஸ், அதே வருடம் டிசம்பரில் கிரைஸ்ட்சர்ச்சில் 202 நாட் அவுட். 531 இலக்குக்கு 163.3 ஓவர் ஆடி, 6 விக்கெட்டுக்கு 457 எடுத்து டிரா செய்தார்கள். மறுமுனையில் கடைசிவரை நின்றவர் கெமார் ரோச், ஒரு வேகப்பந்து வீச்சாளர்.