இரண்டு சைக்கிள், 12 வருடம்: எஃகும் டைட்டானியமும்

என்னிடம் 12 வருடமாக ஒரு குரோமோலி எஃகு (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகு) சைக்கிள் இருக்கிறது. 8 வருடத்துக்கு முன் டைட்டானிய ஃபிரேம் ஒன்றும் வந்து சேர்ந்தது. இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டுகிறேன். பார்ப்பவர்கள் முதலில் கேட்பது, “டைட்டானியம் எஃகைவிட வலிமையாமே?” என்றுதான்.

அப்படிப் பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட முடியாது. 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் கலந்த விமானத்தர டைட்டானியக் கலவை, சுமார் 900 முதல் 1000 மெகாபாஸ்கல் (உலோகத்தின் வலிமையை அளக்கும் அலகு) வரை இழுவிசை தாங்கும். மாரேஜிங் எஃகு என்ற மிக வலிமையான எஃகு வகை 2000 மெகாபாஸ்கலையே தொடும். டைட்டானியம் ஜெயிப்பது எடையில். ஒரு கன சென்டிமீட்டர் எஃகு 7.8 கிராம் என்றால் இது 4.5 கிராம்தான்.

ஆனால் பெடல் மிதிக்கும்போது காலுக்குத் தெரிவது வலிமை அல்ல, விறைப்பு. விறைப்பைக் குறிக்கும் அளவான யங் குணகம் எஃகுக்குச் சுமார் 205 கிகாபாஸ்கல். டைட்டானியத்துக்கு ஏறக்குறைய அதில் பாதி. ஒரே அளவுக் குழாயை இரண்டிலும் செய்தால் டைட்டானியக் குழாய் இரண்டு மடங்கு வளையும். என் டைட்டானிய ஃபிரேமின் குழாய்கள் பார்த்தாலே தெரியும்படி பருமனாக இருப்பது அதனால்தான். சுவர்த் தடிமனை அப்படியே வைத்து, விட்டத்தை மட்டும் கால் பங்கு கூட்டினால் விறைப்பு எஃகுக்குச் சமமாகிவிடும். அப்போதும் எடை கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைவு. இந்தக் கணக்கு பிடிபட்ட நாளில் அந்த ஃபிரேமைச் செய்தவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது.

அப்புறம் துரு. எஃகு ஃபிரேமில் பெடல் அச்சுக்கு அடியில் நகக்கண் அளவு பெயின்ட் பெயர்ந்திருந்தது. ஒரு மழைக்காலம் கவனிக்காமல் விட்டேன். சுற்றிலும் பெயின்ட் பொருமிக்கொண்டு, சுரண்டினால் செம்பழுப்புப் பொடியாக உதிர்ந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பூச ஒரு முழு நாள் ஆயிற்று. டைட்டானியத்துக்குப் பெயின்டே தேவைப்படவில்லை. அதன் ஆக்சைடு படலம் கீறினாலும் காற்று பட்டதும் தானே மூடிக்கொள்கிறது. சின்னக் கீறல்களைப் பாத்திரம் தேய்க்கும் நாரால் தேய்த்தே போக்கிவிடுகிறேன்.

அதற்காக அதைக் கண்டுகொள்ளாமலும் விடமுடியாது. அதில் செருகியிருந்த அலுமினிய சீட் போஸ்ட்டை (சீட்டைத் தாங்கும் குழாய்) இரண்டு வருடம் கழற்றாமல் விட்டதில் அசையாமல் இறுகிவிட்டது. ஈரத்தில் இரண்டு உலோகமும் தொட்டுக்கொண்டிருந்தால் அரிபடுவது அலுமினியம்தான். உருவி எடுத்தபோது போஸ்ட் முழுக்க வெள்ளைப் பொடி. இப்போது வருடம் இருமுறை கழற்றி, இறுகாமல் இருக்க கிரீஸ் போன்ற பசை தடவுகிறேன். டைட்டானியப் பல்சக்கரமும் ஒருமுறை போட்டுப் பார்த்தேன். எஃகுச் சங்கிலி உரசி உரசிச் சீக்கிரம் தேய்ந்துவிட்டது. சரி, அந்த இடத்துக்கு எஃகுதான் என்று பழையதையே மாட்டிவிட்டேன்.

பழுது பார்ப்பதிலும் எஃகுதான் சுலபம். கைதேர்ந்த வெல்டர் ஒருவர் போதும். சூடான டைட்டானியம் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் இழுத்துக்கொண்டு நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். குழாயின் உள்ளேயும் வெளியேயும் ஆர்கான் வாயு சூழ்ந்திருக்க வேண்டும். ஆகவே டைட்டானிய ஃபிரேம் வாங்கப் போகிறவர்கள் வெல்டிங் கோட்டை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளி நிறமோ இளம் வைக்கோல் நிறமோ இருந்தால் சரி. அடர்நீலமோ சாம்பலோ வெண்பொடியோ தெரிந்தால் அந்த ஃபிரேம் வேண்டாம்.